கணிப்பொறி ஊர்களில் புதியவர்கள்

ஓர் ஊரின் குணத்தை அறிய வேண்டுமானால், அங்குப் புதிதாகக் குடிவந்தவரைக் கேட்க வேண்டும். தொலைவில் உள்ள பலர் கணிப்பொறி வழியே கூடி ஆடும் விளையாட்டுகளும் ஒருவகையில் ஊர்களே. அங்கும் பழையவர்கள் உண்டு, புதியவர்கள் உண்டு. புதியவரைப் பழையவர் வேட்டையாடுவதும் உண்டு. கைபிடித்து நடத்துவதும் உண்டு. ஏன் இந்த வேறுபாடு?

மந்திரவாதிகளின் காலம்

1978-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் ட்ரப்ஷா, 'மட்' என்னும் விளையாட்டை எழுதத் தொடங்கினார். 1980-இல் ரிச்சர்ட் பார்ட்டில் அப்பணியை ஏற்று வளர்த்தார். இதில் படங்களே கிடையாது. காடும் குகையும் திரையில் வாக்கியங்களாகத் தோன்றும். ஆடுபவர் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். புள்ளிகள் சேர்த்துப் படிப்படியாக உயர்ந்தவர் இறுதியில் 'மந்திரவாதி' ஆவார். சண்டையில் மாண்டவரோ மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே வழி அறியாத புதியவர், பழையவரின் கருணையை நம்பியே இருந்தார்.

இந்த அனுபவத்தைக் கொண்டு 1996-இல் பார்ட்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டக்காரர்களைச் சீட்டுக்கட்டின் நான்கு இனங்களைப் போல அவர் பிரித்தார். வெற்றியை நாடுவோர் டைமன், புதுமையைத் தேடுவோர் ஸ்பேடு, நட்பை விரும்புவோர் ஆர்ட்டின், பிறரைத் துன்புறுத்தி மகிழ்வோர் கிளாவர். இவர்களுக்கிடையே ஒரு சமநிலை உண்டு. கிளாவர்கள் பெருகினால் நட்பை நாடி வந்தோர் வெளியேறுவர், ஊர் காலியாகும். காட்டில் புலி பெருகி மான் அருகுவதைப் போன்றதுதான் இது.

இரண்டாகப் பிரிந்த உலகம்

1997 செப்டம்பரில் அமெரிக்காவின் ஆரிஜின் நிறுவனம் வெளியிட்ட 'அல்டிமா ஆன்லைன்' இதை மெய்ப்பித்தது. நகருக்குள் காவலர் உண்டு. நகரைத் தாண்டினால் யாரும் யாரையும் கொல்லலாம், உடைமைகளையும் எடுத்துக்கொள்ளலாம். கனி தோண்டப் போன புதியவர் வெறுங்கையுடன் திரும்பினார். கொலைகாரர்களின் பெயரைச் சிவப்பாகக் காட்டிப் பார்த்தார்கள், கொலைகள் ஓயவில்லை. முடிவில் 2000-ஆம் ஆண்டில் அவ்வுலகத்துக்கே ஒரு நகல் எடுத்தார்கள். பழைய உலகம் 'ஃபெலுக்கா'. புதிய உலகம் 'டிராமெல்'. இங்கு ஒருவரை அவர் இசைவின்றித் தாக்க முடியாது. மக்களில் பெரும்பாலோர் டிராமெலுக்கே குடிபெயர்ந்தனர். ஆபத்து நீங்கியதால், அதை எதிர்க்க ஒன்றுகூடும் ஒற்றுமையும் போயிற்று என வருந்தியவர்களும் உண்டு.

இரையா, சுமையா, செல்வமா?

புதியவர் எப்போதும் இரையாவதில்லை; சில இடங்களில் சுமையாகிறார். 2009-இல் வந்த 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' ஆட்டத்தில் அணிக்கு ஐவர். ஒருவர் தவறினால் மற்ற நால்வரும் தோற்க நேரலாம். எனவே ஏச்சு எதிரியிடமிருந்து மட்டுமல்ல, தன் அணியிடமிருந்தே வருகிறது. முறைகேடாக நடந்தவர்களை ஆட்டக்காரர்களே விசாரிக்கும் ஒரு மன்றம் 2011-இல் அமைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

இதற்கு மாறாக, ஐஸ்லாந்து நாட்டில் உருவாகி 2003-இல் வெளியான 'ஈவ் ஆன்லைன்' இன்றும் ஆபத்து நிறைந்த விண்வெளி உலகம். எனினும் 2004-இல் அங்குள்ள ஆட்டக்காரர்களே 'ஈவ் பல்கலைக்கழகம்' ஒன்றை நிறுவிப் புதியவர்களுக்குப் பாடம் நடத்தலாயினர். ஒவ்வொரு கூட்டமும் ஆள்பலத்தால் வாழும் உலகில், கற்றுத் தேர்ந்த புதியவர் ஒரு செல்வம் அல்லவா?

ஜப்பானிய விளையாட்டான 'ஃபைனல் ஃபேன்டஸி 14' இன்னொரு வழி கண்டது. புதியவரின் பெயரருகே ஒரு பச்சை முளை தோன்றும். ஓர் அரங்கை இதுவரை முடிக்காத ஒருவர் உடன் வந்தால், முழு அணிக்கும் கூடுதல் பரிசு கிடைக்கும். சுமையாகத் தோன்றியவர் இதனால் வரவேற்கத் தக்கவராகிறார்.

இவ்வூர்களிலெல்லாம் குடியிருப்போர் ஒரே மனித இனத்தார்தான். விதிகள் மாறின, நடத்தையும் மாறியது. புதியவரைக் கொள்ளையிடுவதில் ஆதாயம் இருந்த இடத்தில் கொள்ளை பெருகியது. கற்பிப்பதில் ஆதாயம் இருந்த இடத்தில் ஆசிரியர்கள் தோன்றினர். நல்ல மனம் வேண்டும் என்று அறிவுரை கூறுவது எளிது. அம்மனம் வளர ஏற்ற விதிகளை அமைப்பதே கடினம். பயன் தருவதும் அதுவே. வகுப்பறையில் வந்து சேரும் புதிய மாணவனுக்கும், பட்டறையில் சேரும் புதிய தொழிலாளிக்கும் இது பொருந்தும். இன்றைய மந்திரவாதிகள் அனைவரும் ஒருநாள் வழி தெரியாமல் நின்றவர்களே.