வில்லும் சக்கரமும்

திருவனந்தபுரத்துக் கரமனை அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் வண்டி, இக்காலத்தார் 'காம்பாக்ட் எஸ்.யு.வி.' என்று அழைக்கும் வகையைச் சேர்ந்தது; அதாவது, ஜீப்பின் தோரணையும் சிறிய காரின் நீளமும் கொண்டு, மலைக்காடுகளில் திரிவதற்கென்றே ஜனித்ததுபோல் விளம்பரங்களில் காட்சியளித்து, வாங்கிய பிறகு சாலைக் கடைத்தெருவுக்கும் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குமாக நாளொன்றுக்கு மூன்று மைல் ஓடிக் காலம் கழிக்கும் வண்டி. சென்ற இடவப்பாதி மழை தொடங்கியது முதல், பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அதன் முன்சக்கரத்தருகே 'டொக்' என்று ஒரு சப்தம் கேட்கலாயிற்று. இவ்வூரில் தலைமை மெக்கானிக்கை 'ஆசான்' என்று அழைப்பது மரபு. எங்கள் ஆசான் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்பவர்போல் இரண்டு தெருக்கள் கேட்டுவிட்டு, "சாரே, ஸ்பிரிங்குக்குப் பக்கத்திலெ ஒரு சின்னக் கம்பி உண்டு, அதோட புஷ் தேஞ்சாச்சு. சத்தம் கேட்டா பயப்படண்டாம்; சத்தம் நின்னா கொண்டு வாங்கோ" என்றார்.

அவர் ஸ்பிரிங்கு என்று சொன்னதற்குத் தமிழிலும் மலையாளத்திலும் நம் பாட்டனார் காலத்தில் வில் என்றே பெயர் வழங்கிற்று. உருக்குப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்து, அச்சுக்கும் வண்டிக்கூட்டுக்கும் நடுவே பொருத்தினால், சக்கரம் வாங்கும் அடியைப் பட்டைகள் வாங்கிக்கொள்ளும், அமர்ந்திருப்பவனின் முதுகெலும்பு தப்பும் என்பது அதன் தத்துவம். அவ்வாறு வில் பூட்டிய மாட்டுவண்டிக்கு வில்வண்டி என்று பெயர். கட்டைவண்டி நெல்லுக்கும் தேங்காய்க்கும் ஆனது. வில்வண்டியோ, ஜன்மிகளும் சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் ஏறிச் செல்வதற்கென்று ஏற்பட்டது. ஆகவே திருவிதாங்கூரில் ஒருவன் வில்வண்டி வைத்திருக்கிறான் என்றால், அவனுக்குப் பணம் இருக்கிறது என்பது மட்டுமன்று, ராஜபாட்டையில் மற்றவர் வழிவிட நடக்கும் பாத்தியதையும் இருக்கிறது என்று பொருள்.

இந்த இரண்டாவது பொருளைத்தான் 1893-ஆம் ஆண்டில் வெங்ஙானூர் அய்யங்காளி சோதித்துப் பார்த்தார். விழிஞ்ஞத்தை அடுத்த அந்தக் கிராமத்தில் 1863-இல் புலையர் குலத்தில் பிறந்த அவருக்கு, அக்காலத்து வழக்கப்படி, பொதுச்சாலையில் நடப்பதற்கே அனுமதியில்லை. வயலில் உழுது ஊருக்குச் சோறு போட்டவர்கள் வரப்போரமாக ஒதுங்கிப் போக வேண்டுமென்பது நியமம். நடக்கக் கூடாத பாதையில் நடந்து காட்டுவதற்குப் பதிலாக, அவர் விலை கொடுத்து ஒரு வில்வண்டி வாங்கினார். காளைகளுக்கு மணி கட்டி, தலைப்பாகையும் மேல்வஸ்திரமும் தரித்து, எந்தச் சாலை தமக்கு விலக்கப்பட்டிருந்ததோ அந்தச் சாலையிலேயே பகிரங்கமாக ஓட்டிச் சென்றார். வழிமறித்தவர்கள் உண்டு, வண்டி நிற்கவில்லை. 1898-இல் பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் அவரும் அவரைச் சேர்ந்தோரும் வழிநடக்கப் புகுந்தபோது பெருங்கலகமே மூண்டது. மோட்டார் வாகனச் சரித்திரம் எழுதுவோர் தேசத்தின் முதல் காரை எந்த மகாராஜா இறக்குமதி செய்தார் என்று தேடிக் களைப்பதைக் காட்டிலும், இந்த ஒரு வில்வண்டியிலிருந்து கணக்கைத் தொடங்குவது உசிதம் என்பது என் அபிப்பிராயம். பின்னாளில் ஸ்ரீமூலம் பிரஜாசபையில் அங்கத்தினராக வீற்றிருந்த அவருடைய சிலை, வெள்ளயம்பலம் சந்தியில் 1980-இல் இந்திரா காந்தியால் திறந்துவைக்கப்பட்டு, இன்றைக்கும் நிற்கிறது. நகரத்தின் கார்களெல்லாம் நாள்தோறும் அதைப் பிரதட்சிணம் செய்துதான் கவடியாருக்கும் சாஸ்தமங்கலத்துக்கும் பிரிகின்றன.

சாலைகளுக்கு முன்னர் இந்நாட்டின் பிரயாணம் பெரும்பாலும் நீர்வழியாகவே நடந்தது. வள்ளக்கடவு என்னும் பெயரும், தூர்ந்து கிடக்கும் பார்வதிபுத்தனாறு வாய்க்காலும் அதற்கு மிச்சமிருக்கும் சாட்சிகள். தரைவழிக்கு ராஜயோகம் வந்தது சித்திரைத் திருநாள் மகாராஜாவின் காலத்தில். திருவனந்தபுரத்திலிருந்து கரமனை, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் சாலைக்குச் சிமெண்ட் கான்கிரீட் இட்டார்கள். லண்டன் போக்குவரத்து ஸ்தாபனத்தில் பணிபுரிந்த ஈ. ஜி. சால்ட்டர் என்பவரை வரவழைத்துச் சமஸ்தானப் போக்குவரத்து இலாகாவை அவர் பொறுப்பில் அமைத்தார்கள். 1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி மகாராஜா அதைத் தொடங்கிவைத்தார். இங்கிலாந்திலிருந்து வந்தவை 'காமர்' கம்பெனியின் அடிச்சட்டமும் 'பெர்க்கின்ஸ்' டீசல் யந்திரமும் மட்டுமே. மேற்கூடு சால்ட்டரின் மேற்பார்வையில் இங்கேயே கட்டப்பட்டது. அக்காலத்தில் பட்டதாரிகளையே கண்டக்டர்களாகவும் இன்ஸ்பெக்டர்களாகவும் நியமித்தார்கள் என்பது ஒரு விசேஷம். இன்றைய கே.எஸ்.ஆர்.டி.சி. அதன் வாரிசு, அதன் வண்டிகளுக்கென்றே கே.எல். 15 என்று தனி எண் ஒதுக்கியிருக்கிறார்கள். சாலியர் தெருவில் கலகம் நடந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே பாலராமபுரத்தின் வழியாக, சீட்டு வாங்கிய எவரும் எவர் பக்கத்திலும் அமரலாம் என்ற ஏற்பாட்டோடு சர்க்கார் பஸ் ஓடலாயிற்று.

சொந்தக் கார் என்பது மட்டும் வெகுகாலம் அரண்மனைக்கும் டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் உரிய வஸ்துவாகவே இருந்துவந்தது. மகாராஜாவின் இளைய சகோதரர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, 1955-ஆம் வருஷத்து மெர்ஸிடிஸ் பென்ஸ் 180 டி வண்டியைத் தம் அந்திமக்காலம் வரையில் கைவிடாமல் போற்றியவர். கர்நாடகத்தில் பதிவான 'சி.ஏ.என். 42' என்ற எண்ணோடு பட்டம் அரண்மனையில் நின்ற அந்த வண்டியை நகரத்தில் அறியாதவர் குறைவு. 2013-இல் தொண்ணூற்றோராம் பிராயத்தில் அவர் காலமானபோது, பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதிய அளவுக்கு இல்லாவிட்டாலும், அந்தக் காரைப் பற்றியும் எழுதின. அரை நூற்றாண்டு ஓடிய வண்டியில் 'டொக்' சப்தம் இல்லாமலா இருந்திருக்கும்? இருந்திருக்கும், ஆனால் சப்தத்தைக் கேட்டு ரகத்தைச் சொல்லும் காதும், அதை உடனே கவனிக்கும் கையும் அரண்மனையில் இருந்தன.

கேரளம் உருவான பிறகு தலைநகரத்து வண்டிகள் கே.எல்.டி. என்ற எழுத்துக்களைத் தாங்கின. அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. குறை சொல்வது என்ற வழக்கமே அப்போது உண்டாகவில்லை. வண்டி கிடைத்ததே பாக்கியம் என்றிருந்தவனுக்கு, கதவு சாத்தும்போது கைப்பிடி கையோடு வந்தாலும், அது கைப்பிடியின் சுபாவம் என்றே தோன்றிற்று. 1983-இன் கடைசியில் மாருதி 800 வந்து மத்தியதரக் குடும்பத்தைச் சக்கரத்தின்மேல் ஏற்றியது. 1989 முதல் இவ்வூர் எண் கே.எல். 01 ஆயிற்று. அந்த எண் வரிசைக்கு உண்டான மகிமையைச் சொன்னால் வெளியூரார் நம்பமாட்டார்கள்: 2019-இல் 'சி.கே.' வரிசையில் ஒன்றாம் எண்ணை ஏலத்தில் ஒருவர் 31 லட்ச ரூபாய் செலவில் எடுத்தார். அந்தத் தொகைக்கு எங்கள் வாசலில் நிற்பது போன்ற வண்டிகள் இரண்டு வாங்கி, மிச்சப் பணத்தில் புஷ் மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

இந்த வகை வண்டி பிறந்த கதை பொறியியல் கூடத்தில் தொடங்கவில்லை. வரவு செலவுத் திட்டத்தில் தொடங்குகிறது. 2006-ஆம் ஆண்டு பட்ஜெட்டில், நம் சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்து, நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோலானால் 1200 சி.சி., டீசலானால் 1500 சி.சி. என்ற வரம்புக்கு உட்பட்ட யந்திரமும் கொண்ட கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் மலிவாக வேண்டும் என்பது நோக்கம். விளைவோ, பெரிய வண்டிகளின் வாலை நறுக்கி நான்கு மீட்டருக்குள் திணிக்கும் கலை. 2013-இல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட், 2016-இல் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, 2017-இல் டாட்டா நெக்ஸான் என்று அடுத்தடுத்து வந்தவை எல்லாம் அந்தக் கோட்டுக்கு இப்பால் நிற்கப் பிரயாசைப்பட்டவை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யைத் திருத்தியபோதும், கோட்டுக்கு இப்பால் 18 சதவீதம், அப்பால் 40 என்று அதே எல்லைதான் நிலைத்தது. பின்பக்கம் சட்டென்று முடிந்துபோன அதன் உருவத்தைப் பார்த்து அழகு, அழகின்மை என்று வாதிடுவோர், அதை வரைந்தவன் பாதி சித்திரக்காரன், பாதி கணக்கப்பிள்ளை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எப்படியோ பிறந்த அந்த வண்டி, இந்த ஊருக்கென்றே செய்ததுபோல் பொருந்திவிட்டது. குன்றும் பள்ளமுமான நிலம். குறவன்கோணத்திலும் நந்தன்கோட்டிலும் ஒரு தெருவின் மேல்முனையில் நிற்பவன் கீழ்முனையில் இருக்கும் வீட்டின் ஓட்டைப் பார்க்கிறான். எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்வாங்கியே தீரவேண்டிய இடைவழிகளில் நீளம் குறைந்திருப்பது சௌகரியம். தரைக்கும் அடிவயிற்றுக்கும் இடையே சுமார் 200 மில்லிமீட்டர் இருப்பதால் மழைக்குழிகளில் இடிப்பதில்லை. எல்லாவற்றிலும் முக்கியமான காரணத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை. பென்ஷன் வாங்குவோர் நிறைந்த ஊர் இது. தாழ்ந்த காரில் முழங்காலை மடக்கி இறங்கவும், ஜீப்பில் தூக்கி ஏறவும் முடியாத பிராயத்தில், நாற்காலியில் அமர்வதுபோல் பக்கவாட்டில் அமர்ந்துவிடலாம் என்பதற்காகவே இதை வாங்கியவர்கள் எங்கள் தெருவில் மூவர்.

வியாதிகளும் ஊருக்குத் தக்கவையே. இரவெல்லாம் மழை பெய்து விடிந்தால் பிரேக் தகட்டில் துரு படிந்து, முதல் இரண்டு மூன்று மிதிக்குக் கரகரவென்று அலறும். கடலோரம் சங்குமுகத்திலும் வேளியிலும் உப்புக்காற்றால் அது இன்னும் அதிகம். கூரையில் ஒரு சாளரம் வைத்து 'சன்ரூஃப்' என்கிறார்கள். அதன் நான்கு மூலைகளிலும் நீர் வடியச் சிறு குழாய்கள் உண்டு. பலாமரத்தடியில் நிறுத்தினால் சருகும் பூவும் குழாயை அடைக்க, துலாவர்ஷத்து இடிமழையில் ஓட்டுகிறவன் தோளில் சொட்டுச் சொட்டாகத் தீர்த்தம் விழும். வீட்டுக்கு நடுவே முற்றம் வைத்து, வானத்தைத் திறந்துவிட்டு, ஓவு அடைபடாமல் நாள்தோறும் கூட்டிப் பெருக்கிய நம் பாட்டிமார்களுக்கு இது புதிய விஷயமே அல்ல. எலி இன்னொரு தலைமுறைப் பகை: வெதுவெதுப்பான யந்திர அறையில் குடியேறி ஒயரைக் கடித்துவைக்கும். அதற்குப் புகையிலைக் காம்பைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். எங்கள் எலி புகையிலைக்குப் பழகிவிட்டது என்று ஆசான் கருதுகிறார். மேடேறும் தெருவில் பாதி கிளச்சில் நின்று நின்று கிளச் தகடு தேய்வதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2023 அக்டோபரில் தம்பானூரும் உள்ளூரும் கழக்கூட்டமும் ஒரே இரவில் நீரில் மிதந்தபோது மட்டும், 200 மில்லிமீட்டர் உயரத்தின் பெருமை அடங்கிப்போயிற்று.

அக்ரஹாரத்தில் வண்டி நிறுத்துவது தனி சாஸ்திரம். எங்கள் வீட்டின் முகப்பு அகலம் நான்கு மீட்டரைச் சற்றே தாண்டும். ஆகவே வண்டியின் மூக்கு அடுத்த வீட்டுத் திண்ணையைத் தொடாமல் நிற்பது சிதம்பரத்தின் கிருபை. ஆனாலும் விடியற்காலையில் எதிர்வீட்டு மாமி சாணி தெளித்த வாளியோடு நின்று, "கோலம் போட இடம் விட்டு நிறுத்தப்படாதோ? அரை தாமரையோட நிக்கறது பாருங்கோ" என்பார். அவர் சொல்வது நியாயம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் மீதித் தாமரையையும் கரைத்துவிடுகிறது.

கடைசியாக வந்த வியாதி டீசல் வண்டிகளுக்கே உரியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக்கட்டுப்பாட்டு விதி அமலானது முதல், புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் சல்லடை ஒன்று இருக்கிறது. வண்டி நல்ல வேகத்தில் கால் மணிநேரமாவது தடையின்றி ஓடினால், வெப்பம் ஏறி அந்தக் கரி தானே எரிந்து சாம்பலாகும். சாலைக்கும் பழவங்காடிக்குமாக ஊர்ந்தால் சேர்ந்துகொண்டே போய், முகப்பில் மஞ்சள் விளக்கு எரியும். ஆகவே மாதம் ஒருமுறை, யாதொரு காரியமும் இல்லாமல், வண்டிக்குக் காற்று வாங்கிக்கொடுப்பதற்காகவே, அதிகாலையில் எழுந்து தெற்கே போகும் பைபாஸ் சாலையில் ஓட்ட வேண்டியிருக்கிறது. வேலையின்றிச் சவாரி போவது ஒருகாலத்தில் ஜன்மிகளின் லட்சணமாக இருந்தது. இப்போது அது சர்க்கார் விதித்த கடமை.

சென்ற வாரம் அவ்வாறே கோவளத்தைத் தாண்டி ஓட்டினேன். சுருள்வில்லின் அருகே 'டொக்' சப்தம் கூடவே வந்துகொண்டிருந்தது. வெங்ஙானூருக்குத் திரும்பும் இடத்தை நெருங்கியபோது மஞ்சள் விளக்கு அணைந்தது. கைகாட்டிப் பலகையில் அந்த ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு, பின்னால் யாரும் ஹாரன் அடிக்காத அந்த வேளையில் சற்று நின்றேன். பிறகு, மாமி கோலத்தை முடிப்பதற்குள் வீட்டுக்குப் போய் வண்டியை நிறுத்த வேண்டுமே என்ற நினைவு வர, முக்கோலையில் திருப்பினேன்.