குண்டதிர்ச்சி: ஒரு பெயரின் வரலாறு

ஆண்மகனுக்கு உடம்பில் புண் வரலாம். உள்ளத்தில் வரலாகாது என்னும் எண்ணம் மிகப் பழையது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையை அவ்வெண்ணம் எத்துணை அலைக்கழித்தது என்பது அறியத்தக்கது.

போர் தொடங்கிய சில திங்களிலேயே, மேனியில் காயமின்றி, பார்வை குன்றியும் பேச்சிழந்தும் கைகால் நடுங்கியும் வீரர் பலர் மருத்துவரிடம் கொண்டுவரப்பட்டனர். சார்லஸ் மையர்ஸ் என்னும் அறிஞர் 1915 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில் இதனைப் பற்றி எழுதியபோது 'குண்டதிர்ச்சி' என்ற பெயரை ஆண்டார். (போருக்குப் பல்லாண்டு முன்னரே ஆராய்ச்சிக்காகச் சரவாக் வந்தவர் இவர்.) பீரங்கிக் குண்டு வெடித்து நரம்பு அதிர்ந்ததென்றால் அதுவும் காயம் போன்றதுதானே? ஆகவே வீரன் நாணமின்றி அதனைச் சொல்லிக்கொள்ள முடிந்தது.

குண்டு விழுந்த இடத்திற்கு அருகே செல்லாதவருக்கும் அந்நோய் கண்டபோதுதான் சிக்கல் பிறந்தது. படைத்துறை நோயாளரை இரு கூறாக்கிற்று. பகைவர் குண்டால் அதிர்ந்தவர் காயம்பட்டோர். காயப்பட்டை அணியும் உரிமை அவருக்கு உண்டு. ஏனையோர் வெறும் நோயாளர். நடுக்கம் ஒன்று, மதிப்போ இரண்டு! 1917-இல் அப்பெயரை எழுதுவதே தடுக்கப்பட்டது. 'இன்னும் கண்டறியப்படாத நரம்பு நோய்' என்று சீட்டில் குறித்தனர்.

அதிகாரிகளுக்கு எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனை இருந்தது. அங்கே பணியாற்றிய ரிவர்ஸ், நீலகிரித் தோடரிடையே தங்கி ஆராய்ந்து 1906-இல் நூல் வெளியிட்டவர். 'நினையாதே, மறந்துவிடு' என்று பிறர் கூறும் அறிவுரையே நோயை வளர்க்கிறது என்பது அவர் கண்ட உண்மை. கவிஞர் சசூன் உட்படப் பலரை அவர் மனம்விட்டுப் பேசச் செய்தார். சாதாரணச் சிப்பாய்க்கு இந்தப் பேறு அரிது. லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஊமையான சிப்பாயின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்தனர். ரிவர்ஸின் கனிவுக்கும் ஓர் எல்லை உண்டு: தேறியவர் மீண்டும் போர்முனைக்கே செல்லவேண்டும்.

1922-இல் அறிக்கை தந்த அரசாங்கக் குழு, அப்பெயரை அறவே விலக்குமாறு கூறிற்று. மனம் தளர்வது களத்தினின்று மானத்துடன் விலகும் வழி என்று எந்த வீரனும் எண்ணலாகாது என்றும் வற்புறுத்திற்று.

கோழைமை, படையைவிட்டு ஓடல் முதலிய குற்றங்களுக்காக அப்போரில் சுட்டுக் கொல்லப்பட்டவருள் சிலர், முன்னரே குண்டதிர்ச்சிக்கு மருத்துவம் பெற்றவர்கள். 2006-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அவ்வாறு சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு அளித்தது. ஆனால் அவர்கள்மீது விதித்த தீர்ப்பை அச்சட்டம் நீக்கவில்லை.