பைன் பலகையின் நீலமும் பக்‌ஷி வைத்த பெயரும்

வெட் ப்ளூ என்றால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் சின்னப் பையனுக்கும் தெரியும். குரோமியத்தில் பதனிட்ட தோல் ஈரமாக, நீலமாக இருக்கும், அதுதான். வெளிநாட்டு இயந்திரங்கள் வந்து இறங்கும் பைன் மரப் பெட்டிகளிலும் சில சமயம் சாம்பல் கலந்த நீலக் கோடுகளைப் பார்க்கலாம். அதில் குரோமியம் கிடையாது. அது பூஞ்சையின் வேலை.

வேடிக்கை என்னவென்றால் அந்தப் பூஞ்சை நீலமே இல்லை! அதன் இழைகள் பழுப்பு நிறம். மரத்துக்குள் வெளிச்சம் சிதறுவதால் நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. வைரம் பாயாத வெளிக்கட்டையில் இருக்கும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் தின்று வாழ்கிறது. மரத்தின் பலம் அதிகம் குறைவதில்லை. விலைதான் குறைகிறது.

இந்த நீலத்துக்குக் காரணம் பூஞ்சை என்று 1878இல் சொன்னவர் ஜெர்மனியின் ராபர்ட் ஹார்ட்டிக். 1907இல் இன்னொரு ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் மூன்ஷ் இவ்வகைப் பூஞ்சை ஒன்றுக்கு செரட்டோஸ்டோமெல்லா பைசியே என்று பெயர் வைத்தார். 1919இல் சைடோ என்ற அப்பாவும் மகனும் சேர்ந்து அதை ஓஃபியோஸ்டோமா என்ற புதிய பேரினத்துக்கு மாற்றினார்கள். கிரேக்கத்தில் 'பாம்பு வாய்' என்று பொருள். இதற்கு முன்பே, 1890இல், அமெரிக்காவில் சர்க்கரைவள்ளிக் கிழங்கை அழுகச் செய்த ஒரு பூஞ்சைக்கு செரட்டோசிஸ்டிஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கிழங்குக்கும் பைன் மரத்துக்கும் என்ன சம்பந்தம்? மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். சின்னக் குடுவை, அதற்கு நீளமான கழுத்து, கழுத்தின் நுனியில் பிசுபிசுப்பான ஒரு துளி, அந்தத் துளிக்குள் வித்துகள்.

பிரிட்டனில் மரங்களில் கறை ஏற்படுத்தும் பூஞ்சைகளை ஆராய்ந்த இந்தியர் பி. கே. பக்‌ஷி, 1950-51 வாக்கில் பைசியேவை செரட்டோசிஸ்டிஸ் பேரினத்தில் சேர்த்தார். இரண்டும் ஒன்று என்றால் பழைய பெயருக்குத்தான் முன்னுரிமை. 1919ஐ விட 1890 மூத்தது. 1956இல் ஹன்ட் என்பவர் எழுதிய பெரிய ஆய்வும் இதே வழியில்தான் போனது. பக்‌ஷி பிறகு டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, மரங்களைத் தாக்கும் பூஞ்சைகள் பற்றி முக்கியமான புத்தகங்கள் எழுதினார்.

அந்தப் பிசுபிசுப்பும் நீண்ட கழுத்தும் உறவின் அடையாளம் அல்ல என்பது பின்னால்தான் தெளிவானது. பூச்சிகளின் உடம்பில் ஒட்டிக்கொண்டு பயணம் போவதற்கான ஏற்பாடு அது. ஒரே தொழில் செய்வதால் இரண்டும் ஒரே மாதிரி உடுப்பு போட்டிருந்தன, அவ்வளவுதான்.

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? இந்த இடத்தில் சென்னை வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் சி. வி. சுப்ரமணியன், பாலிலா வித்துகள் எப்படி இருக்கின்றன என்பதை விட எப்படிப் பிறக்கின்றன என்பதையே வகைப்பாட்டுக்கு அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்ற கருத்தை வளர்த்தவர்களில் ஒருவர். கனடாவில் ஹ்யூஸ் 1953இல் எழுதியதும் இதைப் பற்றியே. சுப்ரமணியன் 1962இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் தன் வகைப்பாட்டை வெளியிட்டார். 1965இல் பட்நாகர் விருது கிடைத்தது. நம்மூர்ப் பாடப்புத்தகங்களில் அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

1984இல் டி ஹூக், ஷெஃபர் இருவரும் இரண்டு பேரினங்களையும் பிரித்தபோது வித்து பிறக்கும் விதமும் ஒரு சாட்சியாக நின்றது. செரட்டோசிஸ்டிஸில் குழாய் போன்ற செல்லுக்குள்ளிருந்து வித்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளப்பட்டு வரும். ஓஃபியோஸ்டோமாவில் அப்படி இல்லை. இன்னொரு சாட்சி சைக்ளோஹெக்சிமைடு என்ற மருந்து. அது கலந்த ஊடகத்திலும் ஓஃபியோஸ்டோமா வளரும், செரட்டோசிஸ்டிஸ் ஒடுங்கிவிடும். 1990களில் டி.என்.ஏ. ஆய்வு வந்து இரண்டையும் வெவ்வேறு வரிசைகளிலேயே வைத்துவிட்டது. தூரத்துச் சொந்தம் என்று சொல்வதே அதிகம்!

அதனால் பைசியே இன்று மறுபடியும் ஓஃபியோஸ்டோமா. ஆனால் பக்‌ஷி வைத்த பெயரை யாரும் அழிக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் தவறான பதிவை ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது, திருத்தப் பதிவுதான் போட வேண்டும் என்று பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லித் தருவார்களே, அதே முறைதான் இங்கும். பூஞ்சைப் பெயர்ப் பட்டியலில் ஓஃபியோஸ்டோமா பைசியே என்று தேடினால், மேலே மூன்ஷ், சைடோ பெயர்கள் இருக்கும். கீழே, இணைப்பெயர்கள் வரிசையில், செரட்டோசிஸ்டிஸ் பைசியே, பக்‌ஷி.