கிருமி விட்டுச் சென்ற இடைவெளி

பரம்பரைக் குணங்களைத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ. இழையானது வெயிலாலும் ரசாயனங்களாலும் மட்டுமன்றித் தன்னைச் சூழ்ந்த நீராலுமே ஓயாது சிதைவுறுகிறது என்பதையும், சிதைந்த பாகத்தை வெட்டி நீக்கிப் புதிதாக நிரப்பும் நொதிகள் உயிரணுவுக்குள்ளேயே இருக்கின்றன என்பதையும் விஞ்ஞான உலகம் தெளிவாக உணர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். தாமஸ் லிண்டால் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர், இழையில் தவறி நுழைந்த யுராசிலை அகற்றும் நொதியை 1974-இல் கண்டறிந்தார். 2015-இல் வேறிருவருடன் ரசாயனத்துக்கான நோபல் பரிசையும் பெற்றார். உயிரைக் காப்பதற்கென்றே அமைந்த இந்நொதிகள் எச்.ஐ.வி. கிருமியின் பெருக்கத்துக்கும் துணைபோகின்றன என்பது, பல்லாண்டுகள் எவர் கண்ணிலும் படாமலிருந்த உண்மையாகும்.

படாமற்போனதற்குக் காரணம் உண்டு. எச்.ஐ.வி.யும் அடங்கும் ரெட்ரோவைரஸ் என்னும் கிருமி வகையில், ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதியை ஹோவர்டு டெமினும் டேவிட் பால்டிமோரும் 1970-இல் தனித்தனியே கண்டறிந்த நாள் முதல், ஆராய்ச்சியாளர்களின் சிந்தை முழுவதும் கிருமி தன்னுடன் கொண்டுவரும் நொதிகளின்மேலேயே லயித்திருந்தது. பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் 1983-இல் எச்.ஐ.வி. பிரித்தெடுக்கப்பட்ட பின்னரும் இப்போக்கு மாறவில்லை. 1990-இல் இன்டெக்ரேஸ் என்னும் கிருமி நொதி சோதனைக்குழாயிலேயே கிருமியின் டி.என்.ஏ.யை வேறொரு டி.என்.ஏ.யுடன் இணைத்துக் காட்டியபோது, கதை முடிந்துவிட்டதாகவே பலருக்குத் தோன்றியிருக்கக்கூடும்.

முடியவில்லை. இன்டெக்ரேஸ் செய்யும் வேலை அரைகுறையானது. கிருமி இழையின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு எழுத்துகளைக் கத்தரித்து, மனித இழையின் இரு புரிகளையும் ஐந்தெழுத்து தள்ளித் தள்ளி வெட்டி, ஒவ்வொரு முனையிலும் ஒரு புரியை மட்டுமே அது பிணைக்கிறது. மற்றப் புரியிலோ இருபுறமும் ஐந்தெழுத்து இடைவெளியும், ஒட்டாமல் தொங்கும் ஈரெழுத்து நுனியும் எஞ்சிவிடுகின்றன. சுவரில் கன்னமிட்டு உள்ளே புகுந்தவன், அந்தத் துளையை அடைக்கும் வேலையை வீட்டுக்காரரிடமே விட்டுவிட்டது போன்ற நிலை இது. சால்க் நிலையத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் யோடரும் பிரெடரிக் புஷ்மனும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, தூய்மைப்படுத்திய மனித நொதிகளே அவ்விடைவெளியை நிரப்பி, தொங்கும் நுனியை நறுக்கி, விளிம்புகளை ஒட்டவும் வல்லவை என்று நிரூபித்தது. இவ்வரலாற்றில் என் மனத்தை மிகவும் கவர்ந்த சோதனை இதுவே. எளிமையாகவும் ஐயத்துக்கு அதிக இடமின்றியும் அமைந்தது.

இரு புரிகளும் ஒருங்கே அறுந்தால் ஒட்டும் நொதிக் கூட்டத்தைப் பற்றிய விவாதமோ இவ்வளவு எளிதில் ஓயவில்லை. பிலடெல்பியாவில் ஆன் ஸ்கால்காவின் குழுவினர், அக்கூட்டத்தின் முக்கிய அங்கமொன்று குறைவுபட்ட எலி உயிரணுக்கள் ரெட்ரோவைரஸ் புகுந்ததும் மடிவதைக் கண்டு, இணைப்புக்கு அந்நொதி அவசியம் என்று 1999-இல் அறிவித்தனர். அடுத்த ஆண்டே, எச்.ஐ.வி.யின் இனத்துக்கு அது தேவையில்லை என்று வேறொரு குழுவினர் மறுத்தனர். 2001-இல் வெளியான மற்றோர் ஆய்வு வேறு விளக்கம் தந்தது: இணையாமல் மிஞ்சும் கிருமி இழைகளின் திறந்த முனைகளை உயிரணு அபாயமெனக் கருதி மாய்கிறது என்றும், அக்கூட்டம் முனைகளைச் சேர்த்து வட்டமாக்கிவிடுவதால் அபாயம் தணிகிறது என்றும் அது கூறியது. மூன்றாவது கருத்தே உண்மைக்கு அருகிலிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

செப்பனிடும் நொதிகள் யாவும் கிருமிக்கு உதவுவதுமில்லை. அவற்றில் இரண்டு, கிருமியின் புதிய இழை சிதைவதற்கே காரணமாகின்றன என்று 2006-இல் அறியப்பட்டது. அடுத்த ஆண்டில் வழக்கத்துக்கு வந்த ரால்டெக்ராவிர் என்னும் மருந்து மனித நொதிகளைத் தொடாமல் இன்டெக்ரேஸை மட்டுமே தடுக்கிறது. அவ்வாறு தடுக்கப்பட்டு வழியிழந்த கிருமி இழைகளில் ஒரு பகுதியை, முன்பு சர்ச்சைக்குள்ளான அதே நொதிக் கூட்டம் முனையோடு முனை சேர்த்து வட்டமாக்கி, புதுக் கிருமிகளைப் பெருக்க இயலாத நிலையில் உட்கருவிலேயே நிறுத்திவிடுகிறது.