நரம்பு என்ற ஒரு சொல்

ஊசி ஏற்ற இடம் தேடித் தாதி கையைத் தடவும்போது "நரம்பு பிடிபடுகுதில்லை" என்கிறோம். முதுமையில் கை நடுங்கினால் "நரம்புத் தளர்ச்சி" என்கிறோம். பின்காலில் நீலமாகப் புடைத்து நெளிவதை "நரம்பு சுருட்டல்" என்கிறோம். முதலாவது இரத்தம் ஓடும் குழாய். இரண்டாவது உணர்வையும் கட்டளையையும் கொண்டு செல்லும் நார். மூன்றாவது மறுபடியும் இரத்தக் குழாய். இலையில் ஓடுவதும் நரம்புதான், யாழில் கட்டுவதும் நரம்புதான், நாக்கில் இல்லை என்று நாம் குறைப்படுவதும் நரம்புதான்.

ரொறன்ரோ மருத்துவமனைகளில் இருபது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. ஆகவே எந்த நோயாளியின் கதையும் இங்கே வராது. ஆனால் ஒரு சொல்லைப் பற்றி எழுத எவருடைய அனுமதியும் தேவையில்லை. "காலுக்குள்ள நரம்பு இழுக்குது" என்று ஒருவர் சொன்னால் ஆங்கிலத்தில் அது 'வெயின்' ஆகவும் இருக்கலாம், 'நேர்வ்' ஆகவும் இருக்கலாம். ஒன்று இரத்தக்குழாய் நிபுணரிடம் கொண்டுபோகும், மற்றது நரம்பியல் நிபுணரிடம். ஊகிக்காமல் திருப்பிக் கேட்பதுதான் முறை. அப்படிக் கேட்டுக்கேட்டுப் பழகிய எனக்கு, இரண்டுமே சரியான விடையாக இருக்கும் ஒரு நோய் உண்டென்று தெரியவந்தபோது அதன் வரலாற்றைத் தேடிப் படிக்காமல் இருக்க முடியவில்லை. காலின் பெருநரம்பான சியாட்டிக் நரம்பைச் சுற்றியோ அதற்குள்ளேயோ, பிறவியிலேயே பிழையாக அமைந்துவிட்ட நாளங்கள். வைத்தியர்கள் இதை 'வீனஸ் மல்ஃபோர்மேஷன்' என்பார்கள். நாளப் பிறழ்வு என்று நாம் சொல்லலாம்.

ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கியது தமிழ் மட்டும் அல்ல. கிரேக்கத்தில் 'நியூரோன்' என்ற சொல் முதலில் தசைநாரையும் வில்லின் நாணையும்தான் குறித்தது. கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் மனித உடல்களை அறுத்துப் பார்த்த ஹெரோஃபிலஸ்தான் உணர்வு நரம்புகளைத் தனியாகப் பிரித்து அறிந்தவர். நாடியின் சுவர் நாளத்தின் சுவரைவிடத் தடித்தது என்று சொன்னவரும் அவரே. அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் மெல்ல மெல்ல இன்றைய பொருளுக்கு ஒடுங்கியது.

தமிழில் அந்த வேலையை முறையாக எடுத்துச் செய்தவர்களில் ஒருவர் மானிப்பாயில் இருந்தார். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று நம்பினார். மாணவர்களோடு சேர்ந்து பாடநூல்களை மொழிபெயர்த்தார், கலைச்சொற்களைத் தொகுத்தார். 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இல் வெளிவந்தது. இன்று இலங்கைப் பாடநூல்களில் நாடி, நாளம், நரம்பு என்று மூன்று சொற்கள் உண்டு. தமிழ்நாட்டில் தமனி, சிரை, நரம்பு. மூன்றையும் நாங்கள் படித்தோம், பரீட்சை எழுதினோம். ஆனால் வீட்டில் எல்லாம் நரம்பாகவே இருந்தது. புலம்பெயர்ந்தபோது பெட்டியில் வந்ததும் வீட்டுச் சொல்தான்.

இனி நோயின் வரலாற்றுக்கு வருகிறேன். அது நெடுங்காலம் இரண்டு தனி ஓடைகளாக ஓடியது.

முதலாவது நரம்பின் ஓடை. 1764-இல் நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியர் டொமெனிக்கோ கொத்தூன்யோ, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி எல்லாம் மூட்டு வலி அல்ல, அதில் ஒரு வகை நரம்பிலிருந்தே வருவது என்று தனி நூலாக எழுதினார். 1934-இல் பொஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்ற இரு அறுவை வைத்தியர்கள், முள்ளந்தண்டின் வட்டத்தட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதால் இந்த வலி வரலாம் என்று காட்டினார்கள். அது பெரிய கண்டுபிடிப்பு, பலருக்கு விடிவு தந்தது. ஆனால் அதன் பிறகு காலில் வலி இறங்கினால் எல்லாக் கண்களும் முதுகையே பார்க்கத் தொடங்கின. உடலிலேயே பருமனான நரம்பு சியாட்டிக். தொடங்கும் இடத்தில் ஏறத்தாழ 2 சென்றிமீற்றர் அகலம். அது பிட்டத்தின் ஆழத்தில் இறங்கி, தொடையின் பின்புறம் ஓடி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. கோளாறு அந்த வழியில் எங்காவது இருந்தால் முதுகுப் படம் சுத்தமாகவே வரும். "முதுகில் ஒன்றுமில்லை" என்று வைத்தியர் சொல்வது, வீட்டுக்குப் போகும் வழியிலேயே "உனக்கு ஒன்றுமில்லை" என்று மாறிவிடும்.

இரண்டாவது இரத்தக்குழாயின் ஓடை. இங்கே குழப்பம் பெயரில் இருந்தது. 1860-களில் பேர்லினில் ருடோல்ஃப் ஃபிர்கோ, இரத்தக்குழாய்க் கட்டிகளை 'அஞ்சியோமா' என்ற தலைப்பில் மூன்றாக வகுத்தார். 1900-இல் பாரிஸில் கிளிப்பேல், த்ரெனோனே என்ற இருவர், தோலில் செந்நிறப் படலம், புடைத்த நாளங்கள், மிகையாக வளர்ந்த எலும்பு ஆகிய மூன்றும் ஒரே காலில் சேர்ந்து வருவதை விவரித்தார்கள். அந்த நோய்க்கூட்டு இன்றும் அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. ஆனால் பொதுவாக, குழந்தையின் கன்னத்தில் தோன்றித் தானே மறையும் சிவப்புக் கட்டியும், தொடைக்குள் வாழ்நாள் முழுக்கக் கிடக்கும் நீல நாளக்கூட்டமும் 'ஹெமாஞ்சியோமா' என்ற ஒரே பெயரில் அழைக்கப்பட்டன. எங்கள் நரம்பு போலவே வைத்தியர்களிடமும் ஒரு சொல் இருந்தது.

அதை உடைத்தவர்கள் பொஸ்டனில் ஜோன் மலிகன், ஜூலி குளோவாக்கி. 1982-இல் அவர்கள் காட்டிய வேறுபாடு எளிமையானது. ஹெமாஞ்சியோமாவில் குழாய்ச் சுவரின் உயிரணுக்கள் பெருகுகின்றன, அது ஒரு கட்டி. பிறழ்வில் அவை பெருகுவதில்லை. அது கருவில் பிழையாகக் கட்டப்பட்ட குழாய், பிள்ளை வளர அதுவும் கூடவே வளரும். 1996-இல் இத்துறையின் பன்னாட்டுச் சங்கம் இந்தப் பிரிவை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில், பரம்பரையாக நாளப் பிறழ்வு வரும் குடும்பங்களில் TIE2 என்ற மரபணுவின் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம்: 2008-இல் புரோப்ரனோலோல் என்ற பழைய இருதய மருந்து குழந்தைகளின் ஹெமாஞ்சியோமாவைச் சுருக்குகிறது என்று பிரான்சில் கண்டார்கள். நாளப் பிறழ்வில் அந்த மருந்துக்கு வேலை இல்லை. பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும்.

இந்த இரண்டு ஓடைகளும் ஒரே காலுக்குள் எப்படிச் சந்திக்கின்றன? கருவில் கால் முளைக்கும்போது, சியாட்டிக் நரம்பின் வழியே ஓடும் குழாய்கள்தான் அந்தக் காலின் முதன்மை இரத்தக் குழாய்கள். பிறகு தொடையின் முன்பக்கக் குழாய்கள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள, பழையவை சுருங்கிவிடும். சிலருக்கு அந்தப் பழைய நாளம் போகாமல் நிற்கும். கிளிப்பேல்-த்ரெனோனே உள்ளவர்களிடம் இது அறியப்பட்ட ஒன்று. ஆக நரம்பும் நாளமும் கருவிலிருந்தே அயலவர்கள். அந்த அயலில் சுவர் மெலிந்த, விரிந்த நாளங்கள் கூட்டமாக இருந்தால், நிற்கும்போதும் நெடுநேரம் இருக்கும்போதும் இரத்தம் அவற்றில் தேங்கும். அவை வீங்கும், நரம்பை நெருக்கும். காலை உயர்த்திப் படுத்தால் இறங்கும். தேங்கிய இரத்தம் உறைந்து, நாளடைவில் சுண்ணாம்பேறிச் சிறு கற்களாகும். உறையும் நாட்களில் வலி திடீரென்று கூடும். வெளித்தோலில் ஒரு நீலத் தழும்புகூட இல்லாமல் இத்தனையும் ஆழத்தில் நடக்கலாம்.

ஆழத்தில் நடப்பதைக் கத்தியில்லாமல் பார்க்க வழி செய்தது எம்.ஆர்.ஐ. 1973-இல் போல் லோட்டர்பர் காந்தப்புலத்தைக் கொண்டு முதல் படத்தை வெளியிட்டார். பீற்றர் மான்ஸ்ஃபீல்ட் அதை விரைவுபடுத்தும் வழிகளைக் கண்டார். 2003-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கால் நரம்பைப் பொறுத்தவரை திருப்புமுனை வேறொன்று. நீர் வெள்ளையாகத் தெரியும் படங்களில் கொழுப்பும் வெள்ளையாகவே தெரியும். சியாட்டிக் நரம்பு கொழுப்புக்குள் படுத்திருக்கிறது. 1985-இல் லண்டனில் கிரேம் பைடரும் இயன் யங்கும் கொழுப்பின் ஒளியை அணைத்துவிடும் ஒரு முறையை விவரித்தார்கள். ஊரில் மின்சாரம் நின்ற இரவில் நட்சத்திரம் தெரிவதுபோல, கொழுப்பு கறுத்ததும் மற்றவை துலங்கின. 1993-இல் ஆரன் ஃபில்லர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நரம்பையே தனியாகத் துலக்கிக் காட்டும் படமுறையை வெளியிட்டார்கள்.

அந்தப் படத்தில் இந்த நோய்க்கு ஒரு முகம் உண்டு. மெதுவாக ஊரும் இரத்தம் பளீரென்ற வெள்ளையாகத் தெரியும். வேகமாக ஓடும் நாடிகள் கறுப்பு ஓட்டைகளாக விழும். நாளப் பிறழ்வில் அந்தக் கறுப்பு ஓட்டம் இராது, கற்கள் மட்டும் உருண்டைக் கறுப்புப் புள்ளிகளாக நிற்கும். சாயம் ஏற்றினால் அது உடனே நிரம்பாது, சோம்பலாகப் பரவும். நரம்பைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், நல்ல நரம்பு நூற்கட்டுகளாக, தேன்கூடு போலத் தெரியும். பிறகு தசைகள். நரம்பு கட்டளை அனுப்பாத தசை முதலில் வெளுக்கும், காலப்போக்கில் மெலிந்து கொழுப்பாகும். நோயாளி சொல்லத் தெரியாமல் தவித்ததை அந்தத் தசை சொல்லிவிடும்.

இவ்வளவையும் பார்ப்பது எதற்கு? எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகப் பட்டது இதுதான். படத்தைப் பார்க்கும் நிபுணர் கேட்கும் கேள்வி, நாளக்கூட்டம் நரம்பை ஒதுக்கித் தள்ளுகிறதா, சுற்றி வளைத்திருக்கிறதா, அல்லது நூற்கட்டுகளுக்கு இடையில் புகுந்திருக்கிறதா என்பது. ஒதுக்கியிருந்தால் அகற்றுவது பற்றி யோசிக்கலாம். புகுந்திருந்தால், நாளத்தை வெட்டும் கத்தி நரம்பையும் வெட்டும். பாதம் தூக்க முடியாமல் தொங்கிப்போகலாம். நாளத்தை உள்ளிருந்து அடைக்க ஏற்றும் மருந்துகளும், முக்கியமாக அற்ககோல், பக்கத்து நரம்பைச் சுட்டுவிடக்கூடும். அப்படியானவர்களுக்கு அழுத்தக் காலுறை, வலி மருந்து, அண்மைக் காலத்தில் சிரோலிமஸ் போன்ற மாத்திரை என்று பொறுமையான வழிகளே முதலில் வருகின்றன. கருவி கண்டுபிடித்ததும் கை நீளும் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே கருவி பல தடவை கையைப் பிடித்து நிறுத்துகிறது. பொதுப்பெயரில் 'கட்டி' என்று எண்ணித் திறப்பதற்கும், 'நரம்போடு பின்னிய நாளம்' என்று தெரிந்து தொடாமல் விடுவதற்கும் இடையில் இருப்பது ஒருவருடைய நடை.

ஆனால் இயந்திரம் காட்டும் இடத்தைத்தான் படம் பிடிக்கும். முதுகைக் காட்டினால் முதுகு, தொடையைக் காட்டினால் தொடை. எந்த இடத்தைப் படம் பிடிப்பது என்று தீர்மானிப்பது அந்த அறையில் பேசப்படும் சில வசனங்கள். அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் மொழிபெயர்க்கப் போகும் இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். "நரம்பு" என்று அவர் சொன்னதும் ஆங்கிலச் சொல்லுக்கு ஓட வேண்டாம். எங்கே தொடங்கி எங்கே போகுது, நிற்கக் கூடுதா, காலைத் தூக்கி வைக்கக் குறையுதா, வீங்குதா, அமத்தினால் அமுங்குதா, சின்ன வயதிலிருந்தே இருக்குதா, விரல் விறைக்குதா என்று தமிழிலேயே கேளுங்கள். பதில் வந்தபடியே வைத்தியரிடம் சொல்லுங்கள். நாளமா நரம்பா என்று பிரிக்க ஹெரோஃபிலஸிலிருந்து இன்றுவரை இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகள் எடுத்திருக்கின்றன. அதை ஒரு நிமிடத்தில் நாம் பிரிக்கத் தேவையில்லை. இரண்டும் ஒன்றாகவே வலிக்கக்கூடும் என்பதை அந்தப் பழைய வீட்டுச் சொல் மறந்ததே இல்லை.