சோடனையும் அணியும்

கல்முனைப் பக்கம் கலியாண வீடென்றால் 'சோடனை' நடக்கும். ஊர் வாய்க்கு அதுவே சொல். தேவாலயப் பிரசங்கத்தில் மட்டும் அது 'அலங்கரிப்பு' ஆகிவிடும். சோடிப்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: இல்லாததைக் கட்டிச் சொல்வது. சோடித்த வழக்கென்றால் பொய் வழக்குத்தான். ஒரே சொல்லுக்குள் அழகும் ஐயமும்!

பேதுருவின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரம் பின்னலையும் பொன்னையும் உடையையும் புற அலங்காரமாக ஒதுக்குகிறது. அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'கொஸ்மொஸ்'. அதற்கு ஒழுங்கு, அணிகலன், உலகம் என்று மூன்று பொருள். நம் 'அணி' அதற்கு வெகு அருகில் வருகிறது: நகையும் அணி, படையின் வரிசையும் அணி. தமிழில் உலகம் மட்டும் அதற்குள் வரவில்லை. அகத்துக்கு மூலம் சொல்வது 'இதயத்தில் மறைந்திருக்கும் மனிதன்'. பழைய தமிழ் விவிலியம் அந்த மனிதனைக் 'குணம்' என்று மாற்றிவிட்டது. பொருள் தெளிவுதான், ஆனால் ஆளைக் காணவில்லை. எனக்கு அது இழப்பு.

பக்கத்துத் தெரு பள்ளிவாசலிலும் இதே பேச்சுக் கேட்கும். குர்ஆனின் 7ஆம் அத்தியாயம், 26ஆம் வசனம் ஆடையையும் அலங்காரத்தையும் இறைவன் அருளியதாகவே சொல்கிறது. அவற்றினும் மேலானது தக்வா, அதாவது இறையச்சம், எனும் ஆடை என்கிறது. அங்கே அலங்காரத்துக்கு வரும் அரபுச் சொல் 'ரீஷ்'. அதன் நேர்ப் பொருள், பறவையின் இறகு.