பத்திலொரு பங்கு பிறந்த கதை

1893ஆம் ஆண்டு பேர்லினில், பிரஷ்யப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபை ஒரு சட்டமூலத்தைத் தோற்கடித்தது. அதைக் கொண்டுவந்தவர் பிராங்க்பேர்ட் நகர மேயர் பிரான்ஸ் ஆடிக்கெஸ். மேல்சபை ஏற்றுக்கொண்ட சட்டமூலம்தான். ஆனாலும் தனியார் காணியில் அரசு கைவைக்கிறதா என்ற எதிர்ப்பைக் கீழ்ச்சபையில் அதனால் தாண்ட முடியவில்லை. ஆடிக்கெஸ் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். திட்டத்தை மட்டும் அவர் கைவிடவில்லை.

அவருடைய சிக்கல் காணி பிரித்துப் பழகிய எவருக்கும் விளங்கக்கூடியது. பிராங்க்பேர்ட் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. நகருக்கு வெளியே இருந்ததெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்து நாடாக்களாக நீண்டுபோன தோட்டக் காணிகள். ஒன்றின் அகலத்தில் ஒரு வீடு நிற்காது. ஒருவர் வழிவிட மறுத்தால் பின்னால் இருக்கிற இருபது பேருக்கும் பாதை இல்லை. ஆடிக்கெஸ் சொன்ன வழி இது: எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகச் சேர்ப்பது, வீதிக்கும் பொது வெளிக்கும் வேண்டியதை முதலில் கழிப்பது, மீதியைச் சதுரமான மனைகளாக்கிச் சொந்தக்காரர்களுக்கே திருப்பிக் கொடுப்பது. கையில் மிஞ்சும் காணி குறையும், ஆனால் அதன் பெறுமதி பல மடங்கு ஏறும். ஏறுகிற பெறுமதியில் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு என்ற நியாயம்தான் அதன் உயிர். ஒன்பது ஆண்டுகள் விடாமல் முயன்று 1902இல் சட்டத்தை நிறைவேற்றினார். எதிர்த்தவர்கள் அப்போதும் ஒரு பூட்டுப் போட்டார்கள்: சட்டம் பிராங்க்பேர்ட்டுக்கு மட்டுமே செல்லும். ஆனால் பதின்மூன்று ஆண்டுகளில் அந்த எண்ணம் கடல் தாண்டிப் பம்பாய் வந்து சேர்ந்தது. 1915ஆம் ஆண்டின் பம்பாய் நகரத் திட்டமிடல் சட்டம் அதைத் தன்னுள் எடுத்துக்கொண்டது.

தெற்கே சென்னையில் அதே நேரத்தில் வேறொரு நாடகம் நடந்தது. ஆளுநர் பென்ட்லாண்ட் பிரபு, ஸ்கொட்லாந்துக்காரரான பேராசிரியர் பற்றிக் கெடிஸை அழைத்திருந்தார். உயிரியல் படித்து நகரங்களின் பக்கம் திரும்பியவர் கெடிஸ். நகரங்கள் எப்படி வளர்கின்றன, எங்கே மூச்சு முட்டுகின்றன என்று காட்டும் வரைபடங்களையும் படங்களையும் ஆண்டுக்கணக்காகச் சேர்த்து ஒரு பெரிய கண்காட்சியாக்கி ஊர் ஊராகக் கொண்டு திரிந்தார். 1914இல் அந்தப் பெட்டிகள் எல்லாம் 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலில் ஏறின. கெடிஸ் வேறு கப்பலில் வந்தார். இடையில் உலகப் போர் மூண்டுவிட்டது.

செப்ரெம்பர் 22ஆம் திகதி இரவு ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்து எண்ணெய்த் தாங்கிகளை எரித்தது. அதன் பிறகு இந்து சமுத்திரத்தில் கண்ணில் பட்ட வணிகக் கப்பல்களை ஒவ்வொன்றாக மறித்தது. ஒக்டோபர் நடுப்பகுதியில் மினிக்கோய்த் தீவுப் பக்கம் அகப்பட்டவற்றில் ஒன்று கிளான் கிராண்ட். கப்பல் மூழ்கியது. அறுபது வயது மனிதரின் வாழ்நாள் உழைப்பு கடலின் அடியில் போய்ச் சேர்ந்தது.

வேறொருவர் என்றால் அடுத்த கப்பலில் ஊர் திரும்பியிருப்பார். கெடிஸ் பிரித்தானியாவில் இருந்த நண்பர்களுக்கு எழுதினார். அவர்கள் கிடைத்த வரைபடங்களையும் படங்களையும் திரட்டி அனுப்ப, மூன்று மாதத்தில் புதிய கண்காட்சி உருவானது. 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனற் மண்டபத்தில் அது திறக்கப்பட்டபோது, பழையதை மூழ்கடித்த எம்டனே உலகில் இல்லை. நவம்பர் 9ஆம் திகதி கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதன் கதையை முடித்திருந்தது.

கெடிஸ் மண்டபத்தோடு நிற்கவில்லை. மதுரை, தஞ்சாவூர், கோயம்புத்தூர் என்று மாகாணத்து ஊர்களின் சந்து பொந்துகளில் நடந்தார். நெரிசலான குடியிருப்பை இடித்து நேர்கோட்டில் வீதி வெட்டுவது அன்றைய பொறியியலாளர்களின் வழக்கம். கெடிஸ் இடிந்த சுவர்களையும் ஆளில்லாத வளவுகளையும் தேடினார். அவற்றைத் துப்புரவாக்கி, ஒரு மரம் நட்டு, சின்னத் திறந்த வெளிகளாக்கினால் போதும் என்றார். ஒரு வீட்டையும் வீணாக உடைக்க வேண்டியதில்லை, செலவும் மிகக் குறைவு. பேரப்பிள்ளைகள் விளையாட இடம் வேண்டும் என்பதை ஒரு நகரத்தின் கணக்கில் எழுதி வைத்த முதல் ஆட்களில் அவர் ஒருவர் என்பதாலேயே எனக்கு அவரில் பெரிய மரியாதை உண்டு. ஆனால் பழைய ஊரில் பாழடைந்த வளவு கிடைக்கும். புத்தம் புதிதாகப் பிறக்கிற ஊரில் வெறும் நிலத்தை யார் தருவார்?

1920ஆம் ஆண்டின் சென்னை நகரத் திட்டமிடல் சட்டத்துக்குப் பிறகு அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. 1923இல் மாம்பலத்தில் புதிய குடியிருப்பு உருவாகத் தொடங்கியது. நடுவில் சுமார் 8 ஏக்கரில் ஒரு பூங்கா, அதிலிருந்து பிரிந்து செல்லும் அகன்ற வீதிகள், உள்ளே இன்னும் சில பூங்காக்கள். அதுதான் தியாகராய நகர், அந்தப் பூங்கா பனகல் பூங்கா. மனை விற்பதற்கு முன்பே பூங்காவுக்கு இடம் குறிக்கப்பட்டது. அழகான வெற்றிதான், ஆனால் அதன் அடியில் ஒரு இழப்பு கிடக்கிறது. அந்த நகர் எழுந்தது 'லோங் டாங்க்' என்று பெயர் பெற்ற பெரிய ஏரியை வற்றவைத்து. பிள்ளைகளுக்குப் பூங்கா கொடுப்பதற்காக நீருக்கு இருந்த இடம் பறிபோனது. மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கும்போதெல்லாம் சென்னை அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருக்கிறது.

இலங்கையை நகரத் திட்டத்தின் பக்கம் தள்ளியது ஒரு கொள்ளை நோய். 1914இல் கொழும்புக்குப் பிளேக் வந்தது. மறு ஆண்டே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. வெளிச்சமும் காற்றும் இல்லாத சந்துகளில் வீடு கட்டக்கூடாது, வீதிக்கு அகலம் வேண்டும் என்ற கவலைகள் சட்டமாயின. 1921இல் கெடிஸே கொழும்புக்கு வந்து ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அதில் பெரும்பகுதி காகிதத்தோடு நின்றது. 1946இல் நகர, கிராமத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் வந்தது. காணியைத் துண்டு போட்டு விற்பவரிடம் ஊருக்கான பங்கைக் கேட்கலாமா என்ற வழக்கு வெடித்ததோ உலகின் மறுகோடியில்.

கலிபோர்னியாவில் வோல்நட் கிரீக் என்ற புறநகர்ப் பட்டினம் வளர்ந்துகொண்டிருந்தது. வீட்டுத் திட்டம் போடுகிறவர் பூங்காவுக்கு நிலம் தரவேண்டும் அல்லது அதற்கு ஈடான பணம் தரவேண்டும் என்று சட்டம் போட அந்த மாநிலம் 1965இல் நகரங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆயிரம் பேர் புதிதாகக் குடியேறினால் இரண்டரை ஏக்கர் என்று வோல்நட் கிரீக் கணக்குப் போட்டது. கட்டுமானக்காரர்களின் சங்கம் நீதிமன்றம் போனது. இழப்பீடு இல்லாமல் நிலத்தைப் பறிப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்பது அவர்களின் வாதம். 1971இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. வெறும் நிலத்தில் வீடு எழ எழத் திறந்த வெளி குறைகிறது, சனம் கூடுகிறது. அந்த நிலத்தால் இலாபம் காண்பவர் அதை ஈடுசெய்வதில் தவறில்லை. பிராங்க்பேர்ட் மேயரின் பழைய நியாயம் மறுபடி வென்றது.

இலங்கையில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை பிறந்தது. 1986 மார்ச்சில் வந்த அதன் திட்டமிடல், கட்டட விதிகளில் ஒரு வரி இருந்தது. துண்டாடப்படும் காணி ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்டால், வீதிகள் போக மீதியில் பத்து வீதத்துக்குக் குறையாத நிலத்தைச் சமூகத் தேவைக்கும் பொழுதுபோக்குக்கும் பொருத்தமான இடத்தில் ஒதுக்க வேண்டும் என்றது அது. நகர அபிவிருத்திப் பகுதி என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு அது பொருந்தியது. கொழும்பின் சுற்றயல்கள் அந்த வரியோடு வளரத் தொடங்கியபோது வடக்கே வன்னியில் போர் நடந்துகொண்டிருந்தது.

வவுனியாவின் நெளுக்குளம் பக்கத்துக் காணிகளின் கதையை அந்த ஆண்டுகளை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. மலையகத்திலிருந்து வன்செயல்களுக்குத் தப்பி வந்தவர்கள், 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி அலைந்து வந்தவர்கள் என்று வவுனியா மாவட்டம் அலை அலையாகச் சனத்தை ஏற்றது. 2009இல் வன்னிச் சனத்தில் பெரும்பகுதி செட்டிகுளத்து மெனிக் பாமிலும் வவுனியாப் பாடசாலைகளிலும் அடைபட்டபோது, பிள்ளைகள் ஓடிய மைதானங்களும் கூடாரங்களாயின. தலைக்கு மேல் ஒரு கூரை கிடைக்காதா என்று தவித்த காலத்தில் விளையாட்டிடம் கேட்க யாருக்கும் வாய் வராது. அது நியாயமும்கூட. ஆனால் கூரை வந்த பிறகும் அந்தக் கேள்வி திரும்பி வரவில்லை.

போர் முடிந்தது, மன்னார் வீதி திருத்தப்பட்டது. வவுனியா நகரத்திலிருந்து வேப்பங்குளம், நெளுக்குளம் என்று வீடுகள் மேற்கே நகர்ந்தன. 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி பம்பைமடு வளாகம் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததும் அந்த வீதியோரக் காணிக்கு இன்னும் கிராக்கி. நேற்றுவரை பற்றையாகவும் தோட்டமாகவும் கிடந்த ஏக்கர்கள் இரண்டு பரப்பு, மூன்று பரப்பு என்று துண்டுகளாகின.

பத்திலொரு பங்கு அங்கேதான் மண்ணில் இறங்குகிறது. ஒரு ஹெக்டேயர் என்றால் சுமார் முப்பத்தொன்பதரைப் பரப்பு. ஒழுங்கைகளுக்கு ஆறு பரப்பு போனால் மீதி முப்பத்து மூன்றரை, அதில் பத்து வீதம் மூன்று பரப்புக்குச் சற்றுக் கூட. ஒரு கரப்பந்தாட்டத் திடல் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம், அதாவது ஒரு பரப்பிலும் குறைவு. மூன்று பரப்பில் திடலும் சுற்றி ஓட இடமும் இரண்டு வேப்ப மரமும் ஊஞ்சலும், கிழவர்கள் குந்தியிருக்க ஒரு சீமெந்துக் கட்டும் தாராளமாக அடங்கும்.

ஆனால் 1986இன் அந்த வரியில் ஒரு ஓட்டை உண்டு. முப்பத்தெட்டுப் பரப்பை மட்டும் முதலில் விற்று, பக்கத்துக் காணியை அடுத்த ஆண்டு வேறு வரைபடத்தில் விற்றால் பத்து வீதம் காற்றோடு போய்விடும். ஒதுக்கினாலும் பொருத்தமான இடம் என்ற சொல்லை மறந்து, மாரியில் தண்ணீர் தேங்கும் மூலையையோ எவரும் வாங்காத முக்கோணத்தையோ பூங்கா என்று எழுதிவிடலாம். பிள்ளைகளுக்குக் கிடைப்பது விற்க முடியாத மண்ணாக இருக்கக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை என்பதே என் எண்ணம்.

இன்னொரு ஆபத்து வன்னிக்கே உரியது. இங்கே ஊர்ப் பெயர்களே குளங்கள்: பண்டாரிகுளம், தாண்டிக்குளம், பூவரசங்குளம். குளக்கட்டும் அதன் ஒதுக்குக் காணியும்தான் இந்த மண்ணின் ஆதிப் பொது வெளி. பூங்கா வேண்டும் என்று குளத்தை நிரவுவது மாம்பலத்துப் பிழையை நூறு ஆண்டுக்குப் பிறகு திரும்பச் செய்வது. வவுனியாக் குளத்தின் ஒரு பகுதியில் மண் நிரவிச் சுற்றுலாப் பூங்கா அமைத்தபோது நகர மக்கள் எதிர்த்து நின்றது சரியான காரியம். பூங்காவுக்கான நிலம் காணி விற்ற இலாபத்திலிருந்து வரவேண்டும், தண்ணீரின் வயிற்றிலிருந்து அல்ல.

பத்திலொரு பங்கின் மீதான சண்டை இன்றும் ஓயவில்லை. சென்னையிலும் பத்தாயிரம் சதுர மீற்றருக்கு மேற்பட்ட மனைகளில் பத்து வீதத்தைத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதி உண்டு. அதை எதிர்த்த வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 பெப்ரவரியில் விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. நிலத்தைக் கொடுப்பது தயவு அல்ல, கடமை என்பது அங்கே உறுதியாயிற்று.

நெளுக்குளத்தில் காணி பார்க்கப் போகிறவர் கையில் நில அளவையாளரின் வரைபடம் இருக்கும். எல்லைக் கல், ஒழுங்கை, கிணறு, துண்டு 1, துண்டு 2 என்று எல்லாவற்றுக்கும் இலக்கம் இருக்கும். ஒரு துண்டில் மட்டும் விலை இருக்காது, பூங்கா என்று எழுதியிருக்கும். பிரஷ்யாவில் தோற்று, வோல்நட் கிரீக்கில் வழக்காடி வந்து சேர்ந்த துண்டு அது. நன்கொடை உறுதி எழுதிப் பிரதேச சபையின் பெயருக்கு மாற்றும் வரை அது வரைபடத்தில் மட்டும்தான் பூங்கா. மனை வாங்குகிறவர் முற்பணம் கட்டுவதற்கு முன் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டிய முதல் கடதாசி அந்த உறுதிதான்.